உப்பில்லாத கீரையும் ஊர் சுற்றும் பெண்ணும்

மரக்காணக் கரை வழியாக நடந்துபோன ஒரு பழைய பயண எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, 269 அடிகள். முதுகலைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் இதைக் கடந்துதான் வந்திருப்போம், பெரும்பாலும் ஐந்து மதிப்பெண் வினாவாக. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கிறது. ஆகவே புலவர் இந்தப் பக்கத்துக்காரர். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. மதிலின் பெயரைக் கொண்ட கடற்கரைப் பட்டினம் என்று பாட்டு குறிப்பிடும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலரும் அடையாளம் காண்கிறார்கள்.

ஆற்றுப்படை என்பது என்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வாடி வரும் இன்னொரு பாணனைப் பார்த்து, ‘நான் போன வழி இது, நீயும் போ’ என்று சொல்வது. எந்த ஊரில் என்ன தின்னக் கிடைக்கும், யார் வரவேற்பார்கள், போய்ச் சேருமிடத்தில் என்ன தருவார்கள். இன்று ஊர் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் எழுதுகிறார்கள். எங்கே தங்கலாம், எங்கே மீன் வறுவல் நன்றாக இருக்கும், எத்தனை மணிக்குப் போனால் படம் எடுக்க வெளிச்சம் சரியாக இருக்கும். அதனால், தன் நாட்டுக்குள் பயணம் போய் எழுதத் தொடங்கும் பெண் யாராக இருந்தாலும் முதலில் இந்தப் பாட்டை வாசிக்கச் சொல்கிறேன். வாசிக்கும்போது, அந்த வழியில் பெண்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணச் சொல்கிறேன்.

எண்ணிப் பாருங்கள். எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. (ஒட்டகத்தை இந்தக் கரையில் நத்தத்தனார் எங்கே பார்த்தார் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய கேள்வி.) அந்தக் கட்டையை விறகாக்கித் தீ மூட்டி, நுளையர் மகள் ஒருத்தி பழைய கள்ளை வடித்து வைத்திருக்கிறாள். பரதவர் அதை ஊற்றித் தருகிறார்கள், சுட்ட கருவாட்டோடு. அடுத்து ஓய்மானாட்டு வேலூர். அங்கே எயினர் குலப் பெண்கள் சமைத்த புளிச்சோறு, காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியோடு கிடைக்கும். பிறகு ஆமூர். உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை அனுப்பி வழியிலேயே தடுத்து நிறுத்தி, வெண்சோறும் நண்டும் படைக்கிறாள். மூன்று நிலம், மூன்று ஊர், மூன்றிலும் அடுப்பு பெண்ணுடையது. மூவரில் ஒருத்திக்கும் பேச்சு கிடையாது. இந்தக் கரையின் பழைய வழித்தடம் பெண்களின் அடுப்படிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் போகிறது.

பயணம் போகிற பெண்ணும் இந்தப் பாட்டில் இருக்கிறாள். விறலி. அவளைத் தலை முதல் கால் வரை வருணித்துக்கொண்டே வரும் புலவர் காலுக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். ஓடிக் களைத்த நாய் நாக்கைத் தொங்கப் போட்டிருக்குமே, அதைப் போல நடந்து நடந்து தேய்ந்து சிவந்த பாதம் என்கிறார். கூட வரும் இளைஞர்கள் அந்தப் பாதத்தை மெல்லப் பிடித்துவிடுகிறார்கள். தாமரை, அனிச்சம், அன்னத்தின் தூவி என்று பெண்ணின் பாதத்துக்கு உவமை தேடியே பழகிப்போன மரபில், நாயின் நாக்கு என்பது சாதாரண விஷயம் இல்லை. நடையின் வலி தெரிந்தவன்தான் அதை எழுத முடியும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் கால் எப்படி வலித்தது என்று கால்காரி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்தப் பாட்டில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிற இடம் வேறொன்று. பரிசில் பெறுவதற்கு முன் அந்தப் பாணன் வீடு எப்படி இருந்தது என்று சொல்லும் பகுதி. அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியைச் சப்ப, வலி பொறுக்காமல் தாய் நாய் குரைக்கிறது. கூரை இற்று விழுகிறது. பசியால் இடை ஒடுங்கிய மனைவி, குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதைத் தின்கிறாள்.

உப்பு விளையும் கரை வழியாக ஆளை அனுப்பும் பாட்டின் நடுவில் உப்பில்லாமல் வெந்த கீரை. அதே பாட்டில் கொற்கையைச் சொல்லும் இடத்தில் உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசை வருகிறது. அவர்களோடு வளர்ந்த குரங்கு, உமணப் பெண்கள் பெற்ற குழந்தைகளுடன் முத்துப் போட்ட சிப்பியைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. குரங்கின் கையில் முத்து இருக்கிறது, பாணன் மனைவியின் சட்டியில் உப்பு இல்லை. நத்தத்தனார் இதை ஒப்பிட்டுக் காட்டவில்லை. இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். அவள் யாரும் பார்க்கக் கூடாது என்று கதவை அடைத்தாள். பாட்டு அந்தக் கதவுக்கு உள்ளே நிற்கிறது. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகு எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். வறுமையைப் பாடிய அழகுக்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் வகுப்பறையில் அந்தக் கீரைச் சட்டியைத் திறந்து காட்டுகிறோம், நானும்தான். கணவன் அதைப் பரிசிலுக்கான காரணமாக ஊர் வழியில் சொல்லிக்கொண்டு போகிறான். அவளைக் கேட்டிருந்தால் சொல்லச் சம்மதித்திருப்பாளா? அப்படிக் கேட்க வேண்டும் என்பது அந்த இலக்கணத்தில் இல்லை. பயண எழுத்தில் இன்றும் இல்லை.

அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உமணப் பெண்ணை ஊருக்குள் நடக்கவிடுகிறார். நெல்லுக்குச் சமமாக உப்பு என்று விலை கூவிக்கொண்டே அவள் தெருவில் வருகிறாள். கேட்டுப் பழகாத குரலென்று வீட்டு நாய் குரைக்கிறது, அவள் பயந்து ஒதுங்குகிறாள். தெருவில் பொருள் விற்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்த நாயைச் சொல்வாள். ஆனால் பாட்டு அந்தப் பயத்தில் நிற்காமல், பயந்த அவள் கண் எவ்வளவு அழகு என்று பார்த்து மயங்கிய ஆணிடம் போய்விடுகிறது. உழைப்புக்காக நடந்த நடை, பார்த்தவனின் காதல் கதையாகிவிட்டது. அவளுக்குப் பாட்டில் கிடைத்த பேச்சு விலை மட்டும்.

இவ்வளவும் பழங்கதை என்று தோன்றினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது வண்டியை ஓரங்கட்டிப் படமெடுப்பவர்களைக் கவனியுங்கள். வெள்ளைக் குவியல்கள், பாத்தித் தண்ணீரில் வானம், தலையில் உப்புக் கூடையோடு வரிசையாகப் பெண்கள். கண் கூசாமலும் உப்பு முகத்தில் படாமலும் இருக்கத் துண்டால் முகத்தைச் சுற்றியிருப்பார்கள். அதனால் படத்தில் முகம் இருக்காது. முகம் இல்லாததே படத்துக்கு அழகு என்று பாராட்டும் வரும். காலம் போடும் வெளிச்சத்துக்காகத்தான் வருகிறார்கள். அந்த வெளிச்சம் வருவதற்கு முன்பே, இருட்டிலேயே, பெண்கள் பாத்தியில் இறங்கி வேலை தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கள் துறையில் படித்த ஒரு மாணவி, ஊர் சுற்றி எழுதப் போகிறேன் என்று வந்தாள். (அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள்.) ‘இந்தியா முழுக்கச் சுத்தணும் மேடம்.’ எங்கே தொடங்கப் போகிறாய் என்றேன். ஸ்பிதி என்றாள். அதுவரை அவள் சென்னைக்கு மேல் வடக்கே போனதில்லை. அவளுடைய பெரியம்மா மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். அங்கே போயிருக்கிறாயா என்று கேட்டேன். ‘அங்க என்ன மேடம் இருக்கு?’ என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை. ‘பார்க்க வேண்டிய இடம்’ என்று நாம் படித்த எதிலும் பெரியம்மாவின் அளம் வருவதில்லை.

எழுதத் தொடங்கும் பெண் முன்மாதிரி தேடினால் தமிழில் என்ன கிடைக்கிறது? ஆண்கள் உண்டு. ஏ.கே. செட்டியாரின் உலகப் பயணங்கள், சோமலெ மாவட்டம் மாவட்டமாக எழுதியவை, சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971). நல்ல புத்தகங்கள். சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ எழுதினார். காக்கிநாடாவில் தொடங்கும் அந்தக் கால்வாய் மாமல்லபுரத்தையும் தாண்டி வந்து முடிவது மரக்காணத்துப் பக்கம்தான். இன்பச் சுற்றுலாவாகத் தொடங்கும் அந்தக் கவிதை, படகைக் கயிறு கட்டி இழுக்கும் தொழிலாளியைப் பார்த்ததும் தடுமாறிப் போகிறது. எனக்குப் பிடித்தது அந்தத் தடுமாற்றம். ஆனால் இந்த நூல்கள் எதிலும், அடுத்த கழிப்பறை எங்கே என்று கணக்குப் போட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு பக்கத்தை நான் வாசித்ததில்லை.

பெண்களின் பயண எழுத்து தமிழில் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. அது வேறு அலமாரியில் இருக்கிறது என்பது என் வாதம். ராஜம் கிருஷ்ணனை (1925–2014) எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதில் திருமணம், கல்லூரிப் படிப்பு இல்லை, மின்துறைப் பொறியாளரான கணவரின் பணிமாற்றங்களோடு ஊர் ஊராகப் போனவர். நீலகிரியில் இருந்ததில் ‘குறிஞ்சித்தேன்’ வந்தது. கோவாவை வைத்து ‘வளைக்கரம்’, சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரை வைத்து ‘முள்ளும் மலர்ந்தது’, தென்கரை மீனவரை வைத்து ‘அலைவாய்க் கரையில்’. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் விசாரித்து எழுதியது ‘கரிப்பு மணிகள்’ (1979). சொந்த நாட்டுக்குள் இவ்வளவு அலைந்த தமிழ் எழுத்தாளர்கள், ஆணோ பெண்ணோ, அதிகம் இல்லை. ஆனால் யாரும் அவரைப் பயண எழுத்தாளர் என்று சொல்வதில்லை, களஆய்வு நாவலாசிரியர் என்கிறோம். அவர் அலைந்த கதை முன்னுரைகளில் ஒதுங்கி நிற்கிறது. நாவலுக்குள் ‘நான்’ கிடையாது.

‘கரிப்பு மணிகள்’ முக்கியமான நாவல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாத்தி மிதிப்பதும் உப்பு வாருவதும் சுமப்பதும் அதில் வேலையாக வருகின்றன, காட்சியாக வருவதில்லை. கண்ணைப் பறிக்கும் வெள்ளை, காலில் ஆறாத புண், கண்காணிக்கும் ஆணின் கை என்று பொன்னாச்சி எதையெல்லாம் தாண்டி ஒரு நாள் கூலியை வாங்குகிறாள் என்பது தெரிகிறது. கதவடைத்துத் தின்றவளை அதட்டலும் அழகும் இல்லாமல் எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு வந்திறங்கிய நகரத்து, மேல்சாதி, நடுத்தர வர்க்கப் பெண்ணை அந்தத் தொழிலாளிப் பெண்கள் எப்படிப் பார்த்தார்கள்? என்ன சொல்ல மறுத்தார்கள்? எழுத்தாளர் தன்னை நாவலிலிருந்து அழித்துக்கொண்டபோது அந்தத் திருப்பிப் பார்த்த பார்வையும் சேர்ந்து அழிந்துவிட்டது. அது அவருடைய குறை என்பதைவிட, ‘நான் தனியாகப் போனேன், இன்னாரைப் பார்த்தேன், பயந்தேன், சிரித்தேன்’ என்று ஒரு குடும்பப் பெண் எழுதினால் அதை இலக்கியமாக எடுத்துக்கொள்ள அன்றைய வாசகச் சூழல் தயாராக இல்லை என்பதே சரி.

வங்காளத்தில் அந்த ‘நான்’ இருந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் நவனீதா தேவ் சென், கருத்தரங்குக்காக அஸ்ஸாம் போனவர், வீடு திரும்பாமல் ரேஷன் லாரியில் இடம் கேட்டு ஏறி, சீன எல்லையருகே தவாங் வரை போய்விட்டார். அதை எழுதிய நூல் 1984இல் வந்தது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. துணைக்கு யார், எங்கே படுப்பாய், யார் கேட்டால் என்ன சொல்வாய் என்று ஒவ்வொரு இடத்திலும் ஆண்கள் கேட்பதும் அவர் சமாளிப்பதும்தான் புத்தகத்தின் பாதி. மலையைவிட அந்தக் கேள்விகள் உயரமானவை. வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பேராசிரியர் என்ற பதவியும் ஆங்கிலமும் குடும்பப் பெயரும் பாதுகாப்பாக நின்றன என்பதையும் மாணவிகள் கவனிக்க வேண்டும். உப்பளத்துப் பெண் லாரியில் இடம் கேட்டு ஏறினால் அது சாகசமாக எழுதப்படாது. அவர் தினமும் அப்படித்தான் வேலைக்குப் போகிறார்.

யாருடைய நடை பயணமாகிறது என்பதில் உப்புக்கு ஒரு தனி வரலாறே இருக்கிறது. 1930இல் காந்தி தண்டிக்குப் புறப்பட்டபோது உடன் நடந்த தொண்டர் அணியில் பெண் ஒருவரும் இல்லை. கமலாதேவி சட்டோபாத்யாய போன்றவர்கள் வாதாடிய பிறகே போராட்டத்துக்குள் பெண்களுக்கு வழி திறந்தது. ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று ருக்மணி லட்சுமிபதி பேசப்படுகிறார். எத்தனையோ தலைமுறையாக உப்பை அள்ளியும் சுமந்தும் தெருவில் கூவியும் நடந்தது பெண்கள். உப்புக்காக நடந்த நடை என்றால் நம் நினைவுக்கு வருவது ஆண்களின் புகைப்படம்.

2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்களின் உள்நாட்டுப் பயணம் பற்றி யாராவது எழுதினால் அந்தச் சீட்டிலிருந்து தொடங்கலாம் என்று மாணவியிடம் சொன்னேன். பெரியம்மாவிடம் அவள் கேட்டிருக்கிறாள். ‘மூணு மணிக்கு ஏதுடி பஸ்ஸு?’ என்றாராம். நீங்கள் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘நான் எங்க போனேன்? வூட்டுக்கும் அளத்துக்கும்தான்.’ மழைக்காலத்தில் அளம் ஓய்ந்தால் நடவுக்கும் கட்டட வேலைக்கும் எங்கெங்கோ போய்வந்தவர் அவர். அதெல்லாம் போனதாகக் கணக்கில் வரவில்லை.

அவள் முதலில் எழுதிக் கொண்டுவந்தது நான்கு பக்கம். உப்புக் குவியல் பனிமலை போல இருந்தது என்று ஆரம்பம் (ஸ்பிதி விடவில்லை). உழைக்கும் கரங்கள், வெள்ளந்தி மனிதர்கள், கேட்காமலே ஒரு பை உப்பு அள்ளித் தந்த அன்பு. கடைசியில் பெரியம்மாவின் பாதம். வெடிப்பு, உப்பு ஏறிய புண், வெளுத்த நகம், எல்லாம் நன்றாகப் பார்த்து எழுதியிருந்தாள். நத்தத்தனாரின் நாய் நாக்கு அவளுக்குப் பாடம் என்பது தெரிந்தது. அவளுடைய பக்கங்களில் கழுவெளிப் பறவைகள் வந்தன. 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் வந்தது. பக்கத்திலேயே இருக்கும் எக்கியார்குப்பம் வரவில்லை. 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த மீனவக் குப்பம் அது. நுளையர் மகள் வடித்த கள்ளை விருந்தாகப் பாடிய அதே கரை. அந்த வீடுகளில் இப்போது தனியாகப் படகுக் கடனும் பிள்ளைகளும் பார்க்கும் பெண்களை எழுதாமல், பறவைகளை மட்டும் எழுதினால் அது எந்த நாட்டுப் பயணம் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம். ‘எல்லாத்தையும் நானே எழுதணுமா மேடம்?’ அதுவும் நியாயமான கேள்விதான். வேண்டாம், ஆனால் பெரியம்மாவைப் பற்றி எழுதியதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டு என்றேன்.

வாசித்திருக்கிறாள். பனிமலையைக் கேட்டுப் பெரியம்மா சிரித்தாராம். உப்பை அள்ளித் தந்தது அன்பால் இல்லை, மேஸ்திரி பார்க்காத நேரம் என்பதால்தான், அதை எழுதினால் நாளைக்கு வேலை போகும் என்று அந்தப் பத்தியை அடிக்கச் சொன்னார். பாதம் வந்தபோது கையை நீட்டி நோட்டை மூடிவிட்டார். ‘என் கால எழுதாத. ஒதுங்க எடம் இல்ல, காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டுக் கெடக்குறோம், அத எழுது. எந்த அளமுன்னு போடாத.’

இரண்டாம் வடிவத்தில் கால் இல்லை. ஆண்கள் கரையோரம் ஒதுங்கிவிட, பெண்கள் விடியும்முன் ஒரு முறையும் பொழுது சாய்ந்து ஒரு முறையுமாக நாளைக் கடத்துவதும், அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் அந்த வெயிலில் நிற்பதும், நீர்க்கடுப்பு என்று சொல்லக் கூசி வயிற்று வலி என்று சொல்லி மருந்து வாங்குவதும் இரண்டு பக்கங்களுக்கு வருகிறது. உவமை ஒன்றுகூடக் கிடையாது. கவிஞராக எனக்கு அந்தப் பாதம் வேண்டியிருந்தது. முதல் வடிவத்தின் ஆகச் சிறந்த பத்தி அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அதை எங்கும் அச்சிட முடியாது.

ஸ்பிதி தள்ளிப் போயிருக்கிறது. அடுத்து வேதாரண்யம் போக நினைக்கிறாள், அந்த நடை பாதையில் இன்று உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பார்க்க. வீட்டில் யார் துணைக்கு வருகிறார்கள் என்று கேட்கிறார்களாம். பெரியம்மா, மழை தொடங்கி அளம் நின்றதும் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார். ‘அங்க எப்பிடி வாருறாங்கன்னு பாக்கணும்’ என்றாராம்.